கேர் ஆஃப் பீங்கான் கம்பெனி

நீ மெட்ராஸிலிருந்து அனுப்பிய கல்யாணப் பத்திரிகைகள் நேற்று வந்து சேர்ந்தன. தபால்காரர் கம்பெனி வாசலில் சைக்கிளை நிறுத்தி, பெயரைப் படித்து, அவரவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அஞ்சலை, நூர்ஜகான், தனம். மூன்று உறைகள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தாய். அதில் ஒரு குறையும் இல்லை.

கோபம் ஆறட்டும் என்று ஒரு ராத்திரி காத்திருந்தேன். ஆறவில்லை. கோபம் என்பதும் சரியான சொல் இல்லை. எரிச்சல். கண்ணில் தூசி விழுந்திருக்கிறது, கை முழுக்க மண், கழுவத் தண்ணீர் இல்லை. அந்த மாதிரி எரிச்சல். இந்தக் கடிதத்தை வேறு யார் பிரித்துப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. உன் அறை நண்பனிடம் காட்டு. நீ கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் அவசியம் காட்டு.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீ தெரிந்து வைத்திருப்பது வேறு என்று இப்போது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு எனக்கு ஒரு பகல் முழுக்க மிச்சமாயிற்று. உன் அப்பாவுக்கு ஜங்ஷன் கூட்ஸ் ஆபீஸில் முறை வேலை. நான் சிதம்பரத்தில் இரண்டு வருஷம் காலேஜில் படித்துவிட்டு, கல்யாணத்துக்காகப் பாதியில் நிறுத்திக்கொண்டு வந்தவள். வீட்டில் ஒரு கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்த வருஷங்களில்தான் ஊரில் பீங்கான் ஷெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பொம்மை வேலைக்குப் பெண்கள் வேண்டும் என்றார்கள். “பொழுது போகும், போயேன்” என்றார் உன் அப்பா. நீயும் சம்பந்தி வீட்டில் அதையேதான் சொல்லியிருக்கிறாய். அம்மா பொழுதுபோக்குக்காகப் போகிறார் என்று. பொழுதுபோக்குக்காக யாரும் இத்தனை வருஷம் முதுகு வலிக்கக் குனிந்து உட்கார மாட்டார்கள். நான் ஏன் போனேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே பதிலை மட்டும் வைத்துக்கொண்டாய்.

ஷெட்டில் ஒரு நீளப் பலகை. அதைச் சுற்றி நாங்கள் நான்கு பேர். அஞ்சலை அச்சில் மண்குழம்பை ஊற்றுவாள். பிளாஸ்டர் அச்சு அந்தக் குழம்பிலிருந்து தண்ணீரைக் குடிக்கும். உள்பக்கம் ஓடு மாதிரி மண் பிடித்ததும், மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பொறுத்து அச்சைப் பிரித்தால் உள்ளே ஒரு நாய்க்குட்டி. ஷோகேஸில் வைக்கிற நாய்க்குட்டி. அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் உடம்பு நெடுக ஒரு கோடு இருக்கும். அதைச் சுரண்டி வழிப்பது தனம். தனியாக வார்த்த காதையும் வாலையும் ஒட்டுவது நான். சூளைக்குப் போய் வந்தபின் கண்ணும் மூக்கும் எழுதுவது நூர்ஜகான்.

ஒட்டுகிற வேலையில் ஒரு தொல்லை உண்டு. உடம்பும் காதும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். ஒன்று காய்ந்து ஒன்று ஈரமாக இருந்தால் ஒட்டிய மாதிரிதான் இருக்கும், சூளையில் விட்டுவிடும். அதனால் எங்களில் ஒருத்தி வரத் தாமதமானால், மற்றவர்கள் அவள் பங்கை ஈரச் சாக்கில் மூடி வைப்பார்கள். அவள் ஏன் வரவில்லை என்று தெரிந்தால்தான் எவ்வளவு நேரம் மூடி வைப்பது என்று தெரியும். ரேஷன் கடையில் கூட்டமா, பிள்ளைக்குக் காய்ச்சலா, புருஷன் குடித்துவிட்டு வந்தானா. இப்படித்தான் ஒருத்தி வீடு இன்னொருத்திக்குத் தெரிந்தது. அக்கறையினால் இல்லை, வேலைக்காக. அக்கறை பிறகு வந்தது. எப்போது வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அச்சு தண்ணீர் குடித்து முடிக்கும்வரை செய்வதற்கு ஒன்றும் இருக்காது. பேச்சுதான். நூர்ஜகான் எழுதுகிற நாய்க்குட்டிகள் எல்லாம் முறைக்கும். மேஸ்திரி ஒருநாள் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏம்மா, வாங்கறவன் பயந்துட மாட்டான்?”

“நான் என்னாங்க பண்றது. கண்ணு எழுதக் குந்தினா எங்க மாமி மொகந்தான் வருது.”

தனம் ஒரு நாய்க்குட்டியை இரண்டு கையாலும் எடுத்து, “சலாம் மாமி, சாப்ட்டீங்களா?” என்றாள். மேஸ்திரி சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டார். அன்றைக்கு வேலை ஓடவில்லை. எனக்குப் ‘பி.ஏ.’ என்று பெயர் வைத்ததும் தனம்தான். நான் பி.ஏ. முடிக்கவில்லை என்று எத்தனை முறை சொன்னாலும், “ரெண்டு வருஷம் குந்துன இல்ல, அது போதும்” என்பாள். எங்களில் சின்னவள் அவள். புருஷன் வேப்பூர் பக்கம் லாரி ஓட்டுகிறவன். நூர்ஜகான் புருஷன் குவைத்தில். அஞ்சலை புருஷன் உயிரோடு இல்லை. என் புருஷன் வீட்டில் இருந்தும் பேசாதவர். நால்வருக்கும் பேச ஆள் தேவைப்பட்டது என்று வைத்துக்கொள்ளேன்.

ஒருமுறை கம்பெனிக் கணக்கர் மனைவி, மகளின் மஞ்சள் நீராட்டுக்கு அழைக்க வந்தாள். தட்டில் குங்குமம், வெற்றிலை. எனக்கு நீட்டினாள். தனத்துக்கு நீட்டினாள். நூர்ஜகான் முன்னால் தயங்கி, “நீயும் வாம்மா” என்று வாயால் சொன்னாள். அஞ்சலை முன்னால் தட்டு நிற்கவே இல்லை. அஞ்சலை அப்போது அச்சின் இரண்டு பாதியையும் சேர்த்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினாள். கணக்கர் மனைவி தட்டோடு வெளியே போனாள். நூர்ஜகான் விரலைக் குழம்பில் முக்கி, அஞ்சலை மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்தாள்.

“வெள்ளிக்கெழம எங்க வூட்ல கறி. வந்துடு.”

“என்னா விசேஷம்?”

“விசேஷம் இருந்தாதான் வருவியா? கறி இருக்குது. அதான் விசேஷம்.”

அன்றிலிருந்து எங்களுக்குள் அழைப்பு என்றால் அதுதான். தட்டு இல்லை, குங்குமம் இல்லை. மணிக்கட்டில் ஒரு வெள்ளைப் பொட்டு. யாருக்கும் வைக்கலாம். தனம் பிள்ளைக்குப் பெயர் வைத்தபோது, நூர்ஜகான் மகள் கல்யாணத்தின்போது, நீ எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியபோது. பொட்டு காய்ந்து உதிரும்வரை கை கழுவமாட்டாள் தனம். இந்த வழக்கத்தை நீ செய்ய வேண்டும் என்று கேட்பதற்காகச் சொல்லவில்லை. அது எங்களுடையது. நீ செய்தால் நாடகம் மாதிரி இருக்கும். எங்களுக்கு அழைப்பு என்றால் என்ன என்று உனக்குத் தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன்.

எனக்கு டைபாய்டு வந்து கடலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் அப்பா என்னோடு இருந்தார். நீ அஞ்சலை வீட்டில் இருந்தாய். கேழ்வரகுக் களி இறங்காது என்றாய். உனக்கு மட்டும் தனியாக அரிசி வடித்தாள். அவள் பையன், “எனக்கு மட்டும் ஏன் களி” என்று அழுதிருக்கிறான். “அவன் விருந்தாளிடா. போயிடுவான்” என்றாளாம். நீயே வந்து என்னிடம் இதைப் பெருமையாகச் சொன்னாய். ஒன்பதாவது படிக்கும்போது கடைத்தெருவில் நாங்கள் நால்வரும் மண் காலோடு வருவதைப் பார்த்துவிட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்தாய். தனம் விடவில்லை. “எக்கா, ஒன் புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல போலருக்குது. மருந்துக் கடைக்குள்ள ஓடறான் பாரு” என்றாள். நானும் சிரித்தேன். வயசு அப்படி என்று விட்டுவிட்டேன். அதில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. இப்போது நடந்ததற்கு வயசைக் காரணம் சொல்ல முடியாது.

திட்டக்குடியிலிருந்து பெண் வீட்டார் நம் வீட்டைப் பார்த்துக் கை நனைக்க வந்த நாளைச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் உட்கார்ந்து சாப்பிட்டால் சம்பந்தம் உறுதி என்று அர்த்தம். அந்தச் சாப்பாட்டில் யார் யார் இலை முன்னால் உட்கார்கிறார்களோ அவர்கள் நம் ஆட்கள். இது உனக்குத் தெரியாதது இல்லை. மூன்று பேரும் காலையிலேயே வந்துவிட்டார்கள். நூர்ஜகான் குவைத்திலிருந்து வந்த நைலக்ஸ் சேலையில் வந்தாள். சமையலில் கூடமாட நின்றார்கள். பந்தி போட்டதும், நம் பக்கத்து ஆட்களோடு சேர்ந்து உட்காரச் சொன்னது நான்தான். சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனேன். பெண்ணின் அம்மா என்னோடு தனியாகப் பேச வேண்டும் என்றார்.

பிறகு நடந்தது எனக்குத் தனம் சொல்லித்தான் தெரியும். பெண்ணின் பெரியம்மா உன்னிடம் கேட்டிருக்கிறார். “இவங்க மூணு பேரும் என்னா மொறை வேணும் தம்பி?” நீ பாயச வாளியோடு நின்றிருந்தாய். “உதவிக்கு வந்திருக்காங்க” என்றாய். அந்த அம்மாள் மேல் எனக்குக் குறை இல்லை. நீ சொன்னதை நம்பினார். “நல்லதாப் போச்சு. இந்தாம்மா, அந்தப் பக்கம் சாப்ட்டு எழுந்தவங்க எலையெல்லாம் எடுத்துடுங்க. கொல்லையில பாத்திரம் வேற கெடக்குது” என்றார். அஞ்சலை இலை முன்னால் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் தெளித்த இலை. எழுந்துவிட்டாள். அவள் எழுந்ததும் மற்ற இருவரும் எழுந்தார்கள். நீ பாயசம் ஊற்றப் போய்விட்டாய்.

நான் கொல்லைக்கு வந்தபோது தனம் தேங்காய் நாரும் சாம்பலுமாக அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “போதும் விடுங்கடி, சாப்பிட வாங்க” என்றேன். “ஆச்சு ஆச்சு, நீ போய் சம்மந்தியக் கவனி” என்றாள் அஞ்சலை. முகத்தில் ஒன்றும் இல்லை. நான் போய்ச் சம்பந்தியைக் கவனித்தேன்.

மறுநாள் ஷெட்டுக்குள் நுழையும்போதே தனம் ஆரம்பித்தாள்.

“என்னா பி.ஏ., நேத்து கூலிய எப்போ குடுக்கப்போற? எலைக்கு ஒரு ரேட்டு, அண்டாவுக்கு ஒரு ரேட்டு.”

“என்ன கூலி?”

“எனக்கு வேணாம்பா” என்றாள் நூர்ஜகான். “அந்தப் பெரியம்மா எங் கையில எச்ச எலை குடுக்கல. பக்கெட்டுதான் குடுத்துச்சு. நான் கொஞ்சம் மேல் உத்தியோகம்.”

“சும்மா இருங்கடி” என்றாள் அஞ்சலை. “அது மொகத்தப் பாருங்க.”

அப்புறம்தான் தனம் முழுக்கச் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். உன் குரலில், பெரியம்மா குரலில், நடித்துக் காட்டிச் சொன்னாள். நான் கத்தினேன். ஏன் அப்போதே என்னைக் கூப்பிடவில்லை, ஏன் எழுந்தீர்கள், உங்களுக்கு ரோஷம் இல்லையா என்று. ஷெட்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அஞ்சலை அச்சைக் கீழே வைத்துவிட்டு, “ஒன் சம்மந்தம் உறுதியாகற நேரத்துல நாங்க ரோஷம் காட்டணுமா?” என்றாள். அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர்கள் கோபப்பட்டிருந்தால் நான் சமாதானம் செய்திருப்பேன். கேலி செய்தார்கள். கேலியோடு என்ன செய்வது?

உனக்கு எழுதினேன். உன் பதில் இன்லண்டில் வந்தது. ‘என்ன முறை என்று கேட்டார்கள். நான் என்ன சொல்ல முடியும்? சினேகிதிகள் என்றால் சிரிப்பார்கள். உதவிக்கு வந்ததும் உண்மைதானே’ என்று எழுதியிருந்தாய்.

அதைப் பல தடவை படித்தேன். நீ பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்துகிறது. நம் கல்யாணத்தில் மாமனுக்கு இடம் இருக்கிறது. அத்தைக்கு ஆரத்தி, நாத்தனாருக்கு மூன்றாவது முடிச்சு. துணி வெளுக்கிறவருக்கும் முடி வெட்டுகிறவருக்கும்கூட ஒரு நேரம், ஒரு மரியாதை வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சினேகிதி என்று ஒருத்தி இருந்தால் அவள் எங்கே நிற்பது என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. அவளை அக்கா என்றோ சித்தி என்றோ மாற்றினால்தான் உள்ளே விடுவார்கள். மாற்ற முடியாதபோது வேலைக்காரி. உன் அப்பாவுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. ரயில்வேக்காரர்கள் கூட்டமாக வருவார்கள். ‘நம்ம ஃப்ரெண்ட்ஸ்’ என்பார். முன்வரிசை நாற்காலி. சோடா. யாரும் முறை கேட்க மாட்டார்கள்.

சிதம்பரத்தில் ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில்காரி ஒருத்தி இருந்தாள். இரண்டு வருஷம் ஒரே விளக்கில் படித்தோம். என் புத்தகத்தில் அவள் எழுதுவாள், அவள் புத்தகத்தில் நான். என் கல்யாணத்துக்கு வந்தாள். கடைசி வரிசையில் நின்றாள். யாரோ ‘கூடப் படிச்ச பொண்ணு’ என்றார்கள். கூட்டத்தில் என்னைப் பார்த்துக் கை காட்டினாள். நான் மாலையோடு உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டாளா என்று தெரியாது. அதன் பிறகு அவளைப் பார்க்கவே இல்லை. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், ஒன்றும் தெரியாது. சண்டையா? இல்லை. யாரும் தடுத்தார்களா? அதுவும் இல்லை. அவளைப் போய்ப் பார்ப்பதற்கு நான் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. காரணம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் உன் நிச்சயதார்த்தத்தில் நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். திட்டக்குடியில் நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் உட்கார்ந்திருந்த அறையில், ஜன்னல் ஓரமாக, மஞ்சள் தாவணி போட்ட ஒரு பெண் நின்றாள். சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ் மாறி வந்தவள். உன் பெண்ணோடு டீச்சர் ட்ரெய்னிங் படித்தவளாம். உன் பெண் பேச்சுக்குப் பேச்சு அவள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். நிச்சயப் புடவை கட்டி வந்து உன் முன்னால் நின்றபோதுகூட அவளைத்தான் பார்த்தாள். நீ கவனித்திருக்க மாட்டாய். கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு அந்தப் பெண் கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள். உன் பெண்ணைப் பற்றி எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. சமைப்பாளா, கோபக்காரியா, தெரியாது. ஆனால் அவளுக்கு ஒருத்தி இருக்கிறாள். நாளை உன் மனைவி அவளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினால் எதற்கு என்று கேட்காதே. பஸ் நேரம் சொல்லு. வேறு புத்திமதி என்னிடம் இல்லை.

இப்போது பத்திரிகைக்கு வருகிறேன். உள்ளூரில் இருப்பவர்களுக்குத் தபாலில் பத்திரிகை போடுவது, ‘வராதே’ என்று சொல்வதற்குச் சமம். இது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். பழுது பார்க்கிறோம் என்று நினைத்துத்தான் போட்டாய். என் கடிதம் உன்னை உறுத்தியிருக்கிறது, உடனே ஏதாவது செய்ய வேண்டும் என்று பட்டிருக்கிறது. புரிகிறது. உறையின் மேல் நீ எழுதியதுதான் எனக்குப் புரியவில்லை.

அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது. உறையை என்னிடம் நீட்டினாள்.

“எம் பேரு போட்டுருக்குதா?”

“போட்டிருக்கு. திருமதி அஞ்சலை அவர்கள்.”

“அடி சக்க. அவர்களா!” என்றாள் தனம்.

அஞ்சலைக்கு வெட்கமாகப் போய்விட்டது. உறையை வாங்கிப் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் கேட்டாள். காட்டினேன். அப்புறம், “கீழ என்னா அவ்ளோ எழுதியிருக்குது?” என்றாள்.

கேர் ஆஃப், பீங்கான் கம்பெனி, விருத்தாசலம். மூன்று உறையிலும் அதேதான். நான் படித்தேன். படிக்காமல் விட்டிருக்கலாம். நூர்ஜகான் தன் உறையைத் தானே படித்து முடித்திருந்தாள்.

“கேராப்புன்னா?” என்றாள் அஞ்சலை.

“இந்த இடத்துல குடுத்தா ஒங்களுக்கு வந்து சேரும்னு அர்த்தம்.”

அஞ்சலை உறையைத் திருப்பிப் பார்த்தாள். “எனக்கு வூடு இல்லியாமா?” என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரியாததைக் கேட்பது மாதிரி கேட்டாள். அந்த வீட்டில்தான் உனக்கு அரிசி வடித்தாள். தெருப் பெயர் உனக்குத் தெரியும். வாசலில் முருங்கை மரம் இருப்பது தெரியும். தனம்தான் மறுபடி வாயைத் திறந்தாள். “வுடு எக்கா. அவன் போஸ்டுல கூப்புட்டான் இல்ல, நாமளும் மொய்ய மணியார்டர்ல அனுப்பிடலாம்.” யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் தட்டு எடுத்துக்கொண்டு அஞ்சலை வீட்டுக்குப் போனேன். பழம், வெற்றிலை, புடவை. மற்ற இருவரும் அவள் சொல்கிறபடிதான் செய்வார்கள். எனக்குத் தெரியும்.

“வா, குந்து” என்றாள். காப்பி போட்டாள். தட்டை வாங்கி ஓரமாக வைத்தாள்.

“அஞ்சலை, நீங்க மூணு பேரும் முன்னால நின்னாதான் எனக்குக் கல்யாணம்.”

“ஒன் கல்யாணமா அது? ஒம் புள்ள கல்யாணம்.”

“நான் கூப்பிட்டா வரமாட்டியா?”

“நீ கூப்புட்டா எங்க வேணா வருவேன். தட்டு எதுக்கு ஒனக்கும் எனக்கும்?”

“அப்போ வா.”

“அன்னிக்கு எனக்கு வேல இருக்குது.”

“ஞாயித்துக்கிழமைல என்ன வேலை?”

“இருக்கும்.”

“அவன் வந்து கூப்பிடணுமா? சொல்லு. எழுதறேன்.”

“நான் அப்பிடிச் சொன்னனா? வந்தாதான் வருவேன்னு சொன்னனா? நீயா எதாச்சும் எழுதாத. காப்பி ஆறுது, குடி.”

இதுதான் அஞ்சலை. மலையைப் புரட்டலாம், இவளைப் புரட்ட முடியாது. அவள் மேலும் எனக்கு எரிச்சல்தான். வாயைத் திறந்து, எனக்கு வலிக்கிறது, உன் பிள்ளை வரட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சொல்ல மாட்டாள். புடவையைத் திருப்பிக் கொடுத்தாள். பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். பழத்தைத் திருப்பிக் கொடுத்தால் எனக்கு அவமானம் என்று யோசித்திருப்பாள். அதையும் யோசிக்கிறாள், பார்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். “விடு, ரெண்டு நாள்ல சரியாப் போயிடும். மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, இதைப் போய்ப் பெருசு பண்ணிக்கிட்டு” என்றார். எது பெரிது எது சிறிது என்று இந்த வீட்டில் எப்போதும் வேறு யாரோதான் முடிவு செய்கிறார்கள். இந்த ஒரு தடவை நான் முடிவு செய்கிறேன்.

வியாழக்கிழமை கிளம்பி வருவதாக எழுதியிருக்கிறாய். வேப்பூரில் இறங்கி, சாயங்காலத்துக்குள் இங்கே வந்து சேர்கிற பஸ்ஸைப் பிடி. அவர்கள் வேலை விட்டு வீட்டுக்கு வந்திருப்பார்கள். பையை வைத்துவிட்டு நேராகப் போ. மூன்று வீடும் உனக்குத் தெரியும். நான் கூட வரமாட்டேன். உன் அப்பாவையும் அனுப்பமாட்டேன். பத்திரிகை வேண்டாம். மன்னிப்பும் கேட்காதே, அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். தனம் கேலி செய்வாள், கேட்டுக்கொள். அஞ்சலை வேலை இருக்கிறது என்பாள், எழுந்து வந்துவிடாதே. அவர்கள் யார் என்று மறுபடி யாராவது கேட்டால் என்ன சொல்வாய் என்பதை அவர்கள் காதுபடச் சொல். அதற்கு என்ன வார்த்தை என்று என்னைக் கேட்காதே. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கே கிடைக்கவில்லை. உனக்குக் கிடைத்தால் வீட்டுக்கு வந்து எனக்கும் சொல்.

போய்விட்டு வந்தால் சோறு இருக்கும். போகாமல் வந்தாலும் இருக்கும். அதில் நான் கை வைக்க மாட்டேன். நீ தாலி கட்டும்போது பெற்றவளாகப் பக்கத்தில் நிற்பேன். சம்பந்திக்கு ஒரு மரியாதையும் குறையாது. ஆனால் மண்டபத்தில் முன்வரிசையில் மூன்று நாற்காலிகள் தனியாகப் போடச் சொல்லிவிட்டேன். அவர்கள் வராவிட்டால் அவை காலியாக இருக்கும். யாரையும் உட்கார விடமாட்டேன். கூட்டம் நிற்கும், அவை காலியாக இருக்கும். பெண்ணின் பெரியம்மா பார்த்துவிட்டு, இது யாருக்கு என்று கேட்பார். அவர் என்னிடம் கேட்க மாட்டார். உன்னிடம்தான் கேட்பார்.

அம்மா